நட்சத்திரம் போட்ட செடிகள்

போடிமெட்டில் அன்று காலை பத்து மணிக்கும் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் என் அண்ணன் சுருளி நிற்பதை அவருடைய இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

தலையில் துண்டு, காதில் பீடி, கையில் டீ கிளாஸ். பின்னால் நின்ற ஜீப்பில் ஈரச் சாக்கு போட்டு மூடிய ஏலத் தட்டைகள். ஏலச் செடியின் அடியிலிருந்து கிழங்கோடு பிரித்தெடுக்கிற கன்றை எங்கள் பக்கம் தட்டை என்பார்கள். நுனி இலையை நறுக்கிக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. பச்சைத் தண்டின் வாசனை டீ வாசனையையும் மீறி வந்தது.

“என்ன தாயி, நீயும் வந்துட்டியா? நடவு பாக்க ஆசையா?”

“ஆமாண்ணே.”

“நேத்தே எறங்கிருப்பேன். மேகம் கவிஞ்சிருச்சு, ஜீப்புக்காரன் மாட்டேன்னுட்டான். சரி, டீயக் குடி, வெரசாப் போவோம். பொம்பளையாளுங்க குழிக்கிட்ட வந்து காத்துக் கெடப்பாங்க.”

நான் நடவு பார்க்க வரவில்லை. அந்தத் தட்டைகளில் ஒன்றுகூட மண்ணுக்குள் போகக் கூடாது என்று தடுக்க வந்திருந்தேன். அண்ணனுடைய சரிவு அதுவரை நோய் தொடாத சரிவு. இந்தத் தட்டைகளை வைத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் அது முழுதும் போய்விடும். இதை ஜீப்பில் வரும்போது மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அண்ணன் சிரித்ததும் மூன்றும் மறந்துபோயின.

டீயைக் குடித்தேன். ஜீப்பில் ஏறி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிஸ்கட் டின்னில் வந்த ஆராய்ச்சி

கணினி அறையின் குளிரைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வத்தலக்குண்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “எல்லாம் சரியாக நடந்த மாதிரியே எழுதுகிறீர்களே, தப்பாகப் போன புரோகிராம் ஒன்றுகூட இல்லையா?” இருக்கிறது, ஐயா. எழுதச் சோம்பலாக இருந்தது. சோம்பல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறோ இருபத்தேழோ வயது. போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி, கணக்கில் பட்டம் வாங்கி, மதுரையில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் புரோகிராமராக இருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போகிற வேலை. சொந்தக்காரர்களுக்கு என் வேலை என்னவென்று கடைசிவரை புரியவில்லை. “மெசின் ஓட்டுறா” என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்பவர்கள் ரைஸ்மில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் ஒருநாள் ஈப்பன் சார் வந்தார். மலையில் ஏல ஆராய்ச்சி பார்க்கிற விஞ்ஞானி. ஐம்பதைத் தாண்டிய மலையாளி. முழங்கால் வலிக்காக ஒரு குடையை ஊன்றிக்கொண்டு நடப்பார். மழை வந்தாலும் அதை விரிக்க மாட்டார். கையில் பெரிய பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே நோட்டுப் புத்தகங்கள். புகையும் ஏலமும் கலந்த மணம் குளிர் அறை முழுக்கப் பரவியது. பல பக்கங்களில் காய்ந்த ரத்தக் கறை.

“அட்டை கடிச்சது,” என்றார். “பயப்படண்டா. அது என்டெ ரத்தம்.”

அவருடைய ஆராய்ச்சி கட்டே நோய் பற்றியது. ஏலக்காய் போட்டவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே தோட்டத்தைப் பார்க்க ஓடுவார்கள். இளம் இலையில் வெளிறிய கோடுகள் விழும். செடி குன்றும். காய் குறையும். அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. பிடித்த செடியைப் பிடுங்கிப் புதைப்பது ஒன்றுதான் வழி.

ஈப்பன் சார் ஒரு எஸ்டேட்டில் கொஞ்சம் நிலம் கேட்டு வாங்கி, அங்கே நோய் வந்த செடியையும் பிடுங்காமல் விட்டுவைத்து, அது எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, குச்சியில் தகரத்தில் அடித்த நம்பர். மாதம் இரண்டு பார்வை. இப்படிப் பல வருஷ நோட்டுகள். அவற்றைக் கையால் கூட்டிக் கழித்துப் பார்த்து ஓய்ந்துபோய்த்தான் என்னிடம் வந்திருந்தார்.

எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. இரண்டாம் நாளே சண்டையும் வந்துவிட்டது.

எண்பது கட்டம்

சண்டை எல்லாம் ஒரே மாதிரிதான். எனக்கு ஆம், இல்லை என்று பதில் வேண்டும். அவர் “சில சமயம் உண்டு, சில சமயம் இல்லா. செடி அங்ஙனெயாணு” என்பார். இலையில் கோடு இருக்கிறதா என்று கேட்டால் “இருக்கிற மாதிரி ஒரு தோணல்” என்பார். தோணலுக்கு மெஷினில் இடம் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. கடைசியில் பூஜ்யம் என்றால் நல்ல செடி, ஒன்று என்றால் சந்தேகம், இரண்டு என்றால் கட்டே, ஒன்பது என்றால் பார்க்கவில்லை என்று முடிவு செய்தோம். அந்த “ஒன்று” அவருக்காக நான் விட்டுக்கொடுத்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போது விவரங்களை அட்டையில் ஓட்டை போட்டுத்தான் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் எண்பது கட்டம். எண்பத்தொன்றாவது கட்டம் வேண்டுமென்றால் இன்னொரு அட்டை, இன்னொரு கட்டு, இரட்டை வேலை.

ஒரு செடிக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு அட்டை என்று கணக்குப் போட்டேன். இருபத்துநான்கு பார்வை, பார்வைக்கு மூன்று கட்டம். இலைக்கு ஒன்று, அசுவினிக்கு இரண்டு. குழி நம்பருக்கு நான்கு கட்டம். அட்டைக் கட்டு கைதவறி விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்க வரிசை எண் வேண்டும் என்று அதற்கு ஒரு நான்கு. எண்பது நிறைந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு கர்வம்.

ஈப்பன் சார் நான் கட்டம் பிரித்த சீட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“தட்டை எத்தனைன்னு ஒரு எண்ணம் எடுக்கறது உண்டு. ஒரு செடியில் எத்தனை தண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ரெண்டு கட்டம்.”

“எடமில்ல சார்.”

“ரெண்டே ரெண்டு.”

“நோய்க்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்? கோடு இருக்கா, பூச்சி இருக்கா, அது போதாதா?”

அவர் சற்று நேரம் குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “நீ சொன்னா சரியாயிருக்கும்,” என்றார்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் நிரப்ப வேண்டிய சீட்டையும் நானே வரைந்து, ஸ்டென்சில் வெட்டி, ரோனியோவில் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதில் தட்டைக்கு இடம் இல்லை. இடம் இல்லாததால் எண்ணுவதும் நின்றது. என் அட்டைக் கட்டு மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடக் கீழே விழவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அந்த மூன்று வருஷமும் அலுப்பாகவே ஓடியது. நிரப்பிய சீட்டுகள் எஸ்டேட் ஜீப்பில் போடிக்கு வந்து, போடியிலிருந்து ரயிலில் மதுரைக்கு வரும். ஏல மூட்டைகளோடு வந்ததால் சீட்டிலும் அதே மணம். அட்டையில் ஓட்டை போடுகிற எங்கள் பஞ்ச் ரூம் பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு “பாயசம் வந்துருச்சு” என்பார்கள். ஒருமுறை ஈப்பன் சார் தோட்டத்து ஆட்களுக்குக் காட்டவென்று ஒரு கட்டு அட்டையை மலைக்கு எடுத்துப்போனார். பனியில் அட்டைகள் ஊறி உப்பிப்போய்த் திரும்பி வந்தன. மெஷின் அவற்றை மென்று துப்பியது. அத்தனையும் மறுபடி பஞ்ச். நான் அவரோடு ஒரு மாசம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்த மலை தெரியும். ஆனாலும் அந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்க்கவில்லை. போகத் தோன்றவே இல்லை.

ஒரு மகிழ்ச்சியான நாள்

புரோகிராமில் ஒரு சின்ன வேலை வைத்திருந்தேன். ஒரு வருஷம் இரண்டாக இருந்த செடி அடுத்த வருஷம் பூஜ்யமாக வந்தால், அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி அச்சாகும். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்பதால், பஞ்ச் பிழையைப் பிடிக்கத்தான் அதைப் போட்டேன்.

நாற்பதுக்குப் பக்கம் நட்சத்திரங்கள் வந்தன.

பஞ்ச் பிழையா என்று ஒவ்வொரு அட்டையாகச் சீட்டோடு ஒப்பிட்டேன். பிழை இல்லை. சீட்டிலேயே அப்படித்தான் இருந்தது. ஈப்பன் சாருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அவர் மெஷின் அறைக்குள் செருப்போடு வந்துவிட்டார். காகிதத்தை நீளமாக விரித்துத் தரையில் போட்டு, முழங்கால் வலியை மறந்து குனிந்து உட்கார்ந்து நட்சத்திரம் நட்சத்திரமாக விரலை வைத்தார்.

“இந்தச் செடிகளை நான் கண்டிட்டுண்டு,” என்றார். “குன்னிப்போய்ச் சின்னதாக நின்னு, பின்னே மெல்ல மெல்ல தளிர்க்கும். நான் தனியா நினைச்சிட்டே இருந்தேன், சொல்லலை. கட்டே வந்து தேறின செடி. நீ அதைக் கண்டுபிடிச்சாச்சு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷம் சண்டை போட்டதற்குப் பலன் வந்துவிட்டது என்று நினைத்தேன். நோயிலிருந்து தேறுகிற ஏலச் செடி என்றால் மலை முழுக்கத் தலைவிதி மாறுகிற விஷயம். அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நட்சத்திரச் செடிகளிலிருந்து தட்டை பிரித்து, சிலருக்குக் கொடுத்து நட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

நான் அப்போது வாயைத் திறந்தேன். “எங்க அண்ணனும் ஏலம் போடப் போறாரு சார். மெட்டுக்குக் கீழ ஒரு சரிவு. அதுல இதுவரைக்கும் ஏலமே வச்சதில்ல.”

“பின்னே முதல் லோடு உன் அண்ணனுக்கு,” என்றார் ஈப்பன் சார்.

பரமன் கங்காணி

நட்சத்திரச் செடிகள் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்று ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு நாள் லீவு போட்டு முதன்முதலாக மலைக்கு ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள், அன்று மதியமே அண்ணன் வந்து தட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதாக எஸ்டேட்டில் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னோடு தோட்டத்துக்கு வந்தவர் பரமன். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கங்காணி. மூன்று வருஷமாக என் சீட்டை நிரப்பியது அவர்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். இடுப்பில் சின்ன அரிவாள். என் பாதத்துக்குப் புகையிலைத் தண்ணியைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தும் அட்டை ஏறியது.

முதல் நட்சத்திரச் செடி பக்கத்துச் செடிகளின் இடுப்பளவுதான் இருந்தது. காகிதத்தில் குறித்துக்கொண்டே, பேச்சுக்குக் கேட்டேன்.

“இது எவ்வளவு நாள் செடிங்க?”

“இதா? போன ஆவணியில வச்சது தாயி.”

“நாலஞ்சு வருசம் இல்லையா?”

“அது பழைய செடி. கட்டே விழுந்துருச்சு, புடுங்கிட்டேன். இது வேற.”

“நம்பர் அதேதான இருக்கு?”

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “நம்பரு குழிக்குத்தான தாயி. செடி வரும் போகும். குழி எங்க போகும்?”

எனக்கு உடனே புரியவில்லை. பக்கத்தில் ஒரு பாறை கிடந்தது. புரிந்ததும் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

“சார் புடுங்க வேணாம்னு சொன்னாருல்ல?”

“சொன்னாரு. அவரு மூணு மாசத்துக்கொருக்கா வர்றாரு. நான் தெனம் வர்றேன். நோக்காடு புடிச்சதக் கண்ணுக்கு முன்னால விட்டு வச்சா, கீழ இருக்க தோட்டமெல்லாம் என்னா ஆகும்? எஸ்டேட்டு மொதலாளி என்னய நிக்க விடுவாரா? எல்லாத்தையும் எடுக்கல. ஓரத்துல, மத்த தோட்டத்த ஒட்டி இருக்கறத மட்டுந்தான் எடுத்தேன். குழி காலியா கெடக்கக் கூடாதுன்னும் சாரு சொல்லிருக்காரு. அதான் உள்ளுக்குள்ள நல்லா நின்ன செடியில ரெண்டு தட்டையப் பிரிச்சு வச்சேன்.”

“இத யாருட்டயாவது சொன்னீங்களா?”

“யாரு கேட்டாங்க? சீட்டுல குழி நம்பரு இருக்கு, எலைக்கு இருக்கு, பூச்சிக்கு இருக்கு. செடிய மாத்துனா எழுத அதுல எடம் எங்க இருக்கு?”

அந்தச் சீட்டை வரைந்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பரமன் எழுதாமலும் விடவில்லை. குனிந்து தகரத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்க ஓரத்தில் அரிவாளால் போட்ட ஒரு வெட்டு. செடியை மாற்றும்போதெல்லாம் ஒரு வெட்டு. சில தகரங்களில் இரண்டு.

கையில் இருந்த காகிதத்தோடு ஒவ்வொரு நட்சத்திரத்துக்காகவும் நடந்தேன். சரிவில் வழுக்கி, சேலை சேறாகி, அட்டை உதிரம் குடிக்கக் குடிக்க, தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் பத்துவரை வெட்டு இல்லாத ஒன்றாவது வரும் என்று ஆசை இருந்தது. அதற்குப் பிறகு ஆசைகூட இல்லை. எல்லாவற்றிலும் வெட்டு இருந்தது.

தேறிய செடி என்று ஒன்றும் இல்லை. நோய் வந்தது பழைய செடி, நல்லதாக நின்றது புதுச் செடி. தட்டை எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் கொடுத்திருந்தால், இருபது தண்டு இருந்த குழியில் மறு வருஷம் இரண்டே தண்டு என்று அட்டையே கத்தியிருக்கும்.

ஸ்டோரில்

ஈப்பன் சார் காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்தார். தரைக்குக் கீழே விறகு எரிந்துகொண்டிருந்ததால் அந்த இடம் கதகதப்பாக இருக்கும். முழங்காலுக்கு இதம் என்று அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் நின்றபடியே சொன்னேன்.

முடிந்ததும், “எத்தனை நட்சத்திரம் பாக்கி?” என்றார்.

“ஒண்ணும் இல்ல சார்.”

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்,” என்றார். “கையாலே தொட்டுப் பார்த்தேன். கட்டே வந்தால் செடி குன்னிப்போகும். புதுத் தட்டையும் சின்னது. ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணுதான்.” பிறகு, “எனக்கு அது வேணும்னு இருந்தது,” என்றார்.

நான் அழுதேன். கட்டங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது பின்னே பேசலாம். அந்தத் தட்டை எல்லாம் கட்டே செடிக்கு நடுவுல நின்னது. உள்ளே நோய் கேறியிருக்கும், இப்போ தெரியாது. உன் அண்ணன் இன்னிக்கு நடும். ஜீப்பை எடுத்துட்டுப் போ.”

“நீங்களும் வாங்க சார்.”

“நான் மேலிடத்துக்கு எழுதணும். அது என் சோலி.” ‘சோலி’ என்ற சொல்லை அவர் எங்கள் பக்கத்திலிருந்துதான் பிடித்திருந்தார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் எழுதினார். தப்பு தன்னுடையது என்று மட்டும் எழுதினார். என் பேரோ பரமன் பேரோ அதில் இல்லை. சில வாரம் கழித்து, வெட்டு விழுந்த குழிகளைத் தனித்தனிச் செடிகளாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். பரமனையும் மதுரைக்கு வரவழைத்து, எந்த வெட்டு எந்த மாசம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தேன். மனுஷர் மழையையும் திருவிழாவையும் அடையாளம் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். நட்சத்திரம் ஒன்றும் வரவில்லை. நோய் எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்ற விவரம் மட்டும் சுத்தமாக வந்தது. அது நல்ல வேலைதான். ஈப்பன் சார் அதைப் படித்துவிட்டு “சரியாணு” என்றார். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுப் போனார்.

முதல் குழி

அண்ணனோடு நான் ஏறிய ஜீப் மெட்டிலிருந்து போடிப் பக்கம் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இந்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். நிழல் மரத்தைக் கவாத்து செய்தது, குழிக்குத் தொழு உரம் சுமந்தது, மூன்று மாசமாகத் தோள் வலிப்பது எல்லாம். “உன் மெசினு சொன்ன செடியின்னு ஊருக்கே சொல்லிட்டேன்” என்றார். பின்னால் கட்டுகள் ஆடி ஆடி ஒன்றோடொன்று உரசின.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக இறக்கினோம். சரிவு முழுக்க வரிசையாகக் குழி. செம்மண் ஈரமாக, சுத்தமாக இருந்தது. ஆறு பெண்கள் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பனி மெல்ல விலகி, கீழே போடி ஊர் வெளிறித் தெரிந்தது.

அண்ணன் ஒரு கட்டைப் பிரித்து, நல்லதாக ஒரு தட்டையை எடுத்தார். என் கையில் கொடுத்தார்.

“மொதக் குழியில நீ வையி தாயி. உன் கைராசியில தழையட்டும்.”

பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி குலவையிட வாயைக் குவித்தாள். தட்டை குளிர்ந்து, கனமாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. நான் குழிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையை நீட்ட முடியவில்லை.

“அண்ணே, இத வைக்கக் கூடாது.”

“ஏன், நேரஞ் சரியில்லையா?”

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொல்லவில்லை. பரமன், தகரம், வெட்டு, அட்டை, கட்டம் என்று குழப்பித்தான் சொன்னேன். அண்ணனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒன்று மட்டும் புரிந்துகொண்டார்.

“அப்ப இதுல கட்டே இருக்கும்ங்கிற.”

“இருக்கலாம். இப்பப் பாத்தாத் தெரியாதுண்ணே. மாசக்கணக்காகும்.”

அவர் என் கையிலிருந்து தட்டையை வாங்கி, இலையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவ்வளவு நல்ல தட்டை.

“நீங்க கெளம்புங்கத்தா. இன்னிக்கு நடவு இல்ல,” என்று பெண்களிடம் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போனார்கள்.

பச்சைத் தட்டை எரியாது. பாதைக்கு அந்தப் பக்கம், சரிவுக்கு வெளியே, அண்ணன் ஆழமாக ஒரு பள்ளம் எடுத்தார். கட்டு கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோம். அரிவாளால் கிழங்கு தெறிக்கத் தெறிக்கக் கொத்தினார். நானும் கொத்தினேன். அந்த வாசனை கையை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று. மண்ணைத் தள்ளி மிதித்து முடித்ததும் அண்ணன் கேட்டார்.

“அந்த மலையாளத்து சாருக்கு வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“தெரியலண்ணே.”

“பாவம், கால் வேற முடியாதவரு,” என்றார்.

திரும்பிப் பார்த்தபோது குழிகள் எல்லாம் அப்படியே திறந்து கிடந்தன. அந்த வருஷத்து மழை முழுவதும் அவற்றில்தான் பெய்தது.

சிலமலையில் சாப்பாடு

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆத்தா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள், நடவு முடிந்ததா என்று. நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்வது என் பொறுப்பு என்று தெரிந்தும், அவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தேன்.

“தட்டை வாடிப்போச்சுத்தா,” என்றார் அண்ணன். “மெட்டுல ஒரு நாள் தங்க வேண்டியதாப் போச்சு. சாக்கு நனைக்க மறந்துட்டேன்.”

ஆத்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மூணு மாசம் குழி வெட்டுனவனுக்கு ஒரு சாக்க நனைக்கத் தெரியல? உனக்கெல்லாம் எதுக்குடா ஏலம்? இவளப் பாரு. பொட்டப்புள்ள, தனியா மதுரைக்குப் போயி அம்புட்டுப் பெரிய மெசினக் கட்டி ஆளுறா. இன்னி வரைக்கும் ஒரு தப்பு உண்டா? நாலு தட்டைய வாடாமக் கொண்டாரத் துப்பில்ல உனக்கு.”

“ஆமாத்தா,” என்றார் அண்ணன். “மோர் இருந்தா ஊத்து.”

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஆத்தா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், ஏலப் பேச்சு எடுத்தால் போதும், சாக்கு நனைக்காமல் தட்டையை வாட விட்ட கதையைச் சொல்லி அண்ணனை ஏசுவாள். அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அப்படிச் சொன்ன பல நாட்களில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.